46, 48, 6: நிறமூர்த்தங்கள் உடைந்து ஒட்டிய கதை

மனிதனுக்கு 46 நிறமூர்த்தம் (குரோமோசோம், கலத்துக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் துண்டு) என்பது ஓ.எல். பிள்ளைக்கும் தெரியும். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48 என்பது ஏ.எல். உயிரியல் எடுத்த பிள்ளைக்குத் தெரியும். சரி, அந்த இரண்டு எங்கே போனது என்று கேட்டுப் பாருங்கள், வெள்ளவத்தையில் எந்த டியூஷன் வகுப்பிலும் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கிவிடும். எண்ணிக்கையை மனப்பாடம் செய்துவிடுகிறோம், அது ஏன் விலங்குக்கு விலங்கு மாறுகிறது என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை.

இன்னும் கொஞ்சம் எண்களைப் பார்ப்போம். ஒழுங்கையில் படுத்திருக்கும் தெருநாய்க்கு 78. அதைக் கண்டு மதிலில் ஏறும் பூனைக்கு 38. மன்னாரில் திரியும் கழுதைக்கு 62, நெடுந்தீவுக் குதிரைக்கு 64, மாட்டுக்கு 60, யானைக்கு 56, தோட்டத்துத் தேங்காயை நாசமாக்கும் நம்மூர்ச் செங்குரங்குக்கு 42. இதில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா? உருவத்தோடும் சேரவில்லை, அறிவோடும் சேரவில்லை. நாயின் நிறமூர்த்தங்கள் பூனையினுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தாலும் இரண்டுக்கும் டி.என்.ஏ. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், பரம்பரையலகுகளும் (ஜீன்கள்) ஏறத்தாழ 20,000 என்ற அதே கணக்குத்தான். பூனையிடம் சில பெரிய துண்டுகளாக இருப்பது நாயிடம் பல சிறிய துண்டுகளாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக, முலையூட்டிகளின் கூர்ப்பில் (பரிணாமத்தில்) புதிய பரம்பரையலகுகள் முளைப்பது ஒரு சின்னப் பகுதி மட்டுமே. இருப்பதையே வெட்டி, திருப்பி, வேறு இடத்தில் ஒட்டி வைப்பது பெரிய பகுதி. எண்ணிக்கை மாறுவது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்பதால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு கதைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இந்தக் கதையிலேயே சுவாரசியம் குறைந்த பகுதி. எந்தப் பரம்பரையலகு எதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, எந்தப் பகுதி இனக்கலப்பின்போது கலக்காமல் பூட்டப்பட்டது, இந்த இரண்டிலும்தான் விஷயம் இருக்கிறது. ஆனாலும் அங்கே போக எண்ணிக்கை வழியாகத்தான் போக வேண்டும்.

உடைவது எப்படி? டி.என்.ஏ. இழை அடிக்கடி உடைகிற பொருள். கதிர்வீச்சால் உடையும், இரசாயனங்களால் உடையும், பிரதி எடுக்கும்போது தானாகவும் உடையும். கலத்துக்குள் பழுதுபார்க்கும் புரதங்கள் எந்நேரமும் வேலையில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் உடைந்துவிட்டால் எந்த முனை எதனுடையது என்று குழம்பி, மாற்றி ஒட்டிவிடுவதும் உண்டு. அது போக, நம் மரபணுத்தொகுதியில் (முழு டி.என்.ஏ.யிலும்) ஒரே மாதிரியான நீண்ட வரிசைகள் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. விந்தும் முட்டையும் உருவாகும் ஒடுக்கற்பிரிவின்போது, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த நிறமூர்த்தச் சோடிகள் நெருங்கி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இல்லையா, அப்போது ஓரிடத்து வரிசை இன்னோரிடத்து வரிசையைத் தன் சோடி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டால் நடுவில் உள்ளது தலைகீழாகத் திரும்பலாம், இரட்டிக்கலாம், அல்லது இல்லாமலே போகலாம். இரண்டு வேறு நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டால் இடமாற்றம், முழு நிறமூர்த்தங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் இணைவு, ஒன்று இரண்டானால் பிளவு.

இப்போது அந்தக் காணாமல்போன இரண்டுக்கு வருவோம். 1956 வரை புத்தகங்களில் மனிதனுக்கும் 48 என்றுதான் இருந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் கலங்களைச் சரியாகப் பரப்பி எண்ணிப் பார்த்து 46 என்றார்கள். பிறகு 1982இல் யூனிஸ், பிரகாஷ் இருவரும் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றின் நிறமூர்த்தங்களைச் சாயமேற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டைகளை ஒப்பிட்டபோது, நம்முடைய 2ஆம் நிறமூர்த்தம் குரங்குகளின் இரண்டு நிறமூர்த்தங்களை முனையோடு முனை வைத்தது போலவே இருந்தது. போல இருந்தால் போதுமா? ஒட்டிய இடத்தில் தடயம் வேண்டும்.

தடயம் 1991இல் கிடைத்தது. ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் நுனியிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து வரிசை நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான தடவை திரும்ப வரும். டெலோமியர் என்பது அதுதான், அதன் இடம் நுனி, நடுவில் அதற்கு வேலை கிடையாது. ஆனால் நம் 2ஆம் நிறமூர்த்தத்தின் உள்ளே ஓரிடத்தில் அந்த வரிசை வந்துகொண்டே இருந்து, திடீரென்று திசை திரும்பி சி-சி-சி-டி-ஏ-ஏ என்று எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. இரண்டு நுனிகள் நேருக்கு நேர் மோதி ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே. எழுத்துகள் பல இடங்களில் தேய்ந்து மாறியிருக்கின்றன, பழைய ஒட்டு என்பதால் அப்படித்தான் இருக்கும். போதாக்குறைக்கு, கலம் பிரியும்போது நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்க உதவும் சென்ட்ரோமியர் என்ற பகுதி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில், வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்கிறது.

இங்கே ஒரு வதந்தியை ஓரமாக வைத்துவிடலாம். இந்த இணைவுதான் குரங்கை மனிதனாக்கியது என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. ஆதாரம் கிடையாது. அழிந்துபோன டெனிசோவா மனிதரின் டி.என்.ஏ.யிலும் இதே ஒட்டு இருப்பது 2012இல் தெரியவந்தது, ஆகவே நம் இனம் அவர்களிடமிருந்து பிரிவதற்கு முன்பே நடந்தது என்பது மட்டும் உறுதி. சிம்பன்சிக்கும் நமக்கும் இடையே, சென்ட்ரோமியரை உள்ளடக்கித் தலைகீழாகத் திரும்பிய பெரிய துண்டுகள் ஒன்பது இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை.

எண்ணிக்கை வேறுபட்ட இரண்டு விலங்குகள் சேர்ந்தால் என்ன ஆகும்? குதிரை 64, கழுதை 62, இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அது சுமை தூக்கும், குட்டி போடாது. ஒற்றைப்படை எண் என்பதால்தான் மலடு என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் இது பாதி உண்மைதான். மங்கோலியாவின் காட்டுக்குதிரையான பிரெவால்ஸ்கிக்கு 66. அதை வீட்டுக்குதிரையோடு சேர்த்தால் பிறப்பதற்கு 65, அதுவும் ஒற்றைப்படைதான், ஆனால் அது குட்டி போடும். கொழும்புக் கடைகளில் மண்சட்டியில் வரும் எருமைத் தயிர் இருக்கிறதே, அந்தப் பாலுக்காக இறக்குமதி செய்யப்பட்ட முரா போன்ற ஆற்றெருமை இனங்களுக்கு 50. தென்கிழக்காசியாவின் சேற்றெருமைக்கு 48, ஏனென்றால் ஆற்றெருமையின் 4ஆவதும் 9ஆவதும் அங்கே ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. கலப்புக் கன்றுக்கு 49. அதுவும் ஈனும்.

ஏன் ஒன்றுக்கு முடிகிறது, மற்றதற்கு முடியவில்லை? ஒடுக்கற்பிரிவில் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியைத் தேடி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரேயொரு இணைவு மட்டும் வித்தியாசம் என்றால், ஒட்டிய நீளமான ஒன்றின் பக்கத்தில் ஒட்டாத இரண்டும் வரிசையாக நின்று மூவராகச் சமாளித்துவிடும், பெரும்பாலும் சரியாகப் பிரிந்தும் போய்விடும். குதிரைக்கும் கழுதைக்கும் இடையே அப்படியல்ல, இணைவு, பிளவு, திரும்பல் என்று பல மாற்றங்கள் குவிந்து கிடக்கின்றன, யாருக்கு யார் சோடி என்றே தெரியாமல் வேலை நின்றுவிடுகிறது. ஆகவே வித்தியாசம் இரண்டா நான்கா என்று எண்ணிப் பயனில்லை, எத்தனை இடத்தில் சோடி பொருந்தாமல் போகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கதையின் உச்சம் குரைக்கும் மான். நம் நாட்டுக் காடுகளிலும் அதன் சொந்தக்காரர்கள் உண்டு, சின்ன உருவம், பயந்தால் நாய் மாதிரிக் குரைக்கும். இந்தியக் குரைக்கும் மானின் பெட்டைக்கு 6 நிறமூர்த்தங்கள்தான், கிடாவுக்கு 7. முலையூட்டிகளில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை அறியப்படவில்லை. 1970இல் வர்ஸ்டர், பெனிர்ஷ்கே என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். சீனத்துக் குரைக்கும் மானுக்கோ 46. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் நெருங்கிய உறவு என்று யாரும் சொல்லிவிடுவார்கள், பிரிந்தும் சில மில்லியன் ஆண்டுகள்தான். 23 சோடி 3 சோடியாக வேண்டுமென்றால் குறைந்தது 20 இணைவுகள் நடந்திருக்க வேண்டும், ஒட்டிய இடங்களில் பழைய நுனி வரிசைகளின் மிச்சங்களும் அகப்பட்டிருக்கின்றன. கிடாவுக்கு ஏன் ஒன்று கூட? பாலினத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ், வை இரண்டில் எக்ஸ் நிறமூர்த்தம் 3ஆவதோடு ஒட்டிவிட்டது. பெட்டைக்கு அந்த ஒட்டியது இரண்டு, கிடாவுக்கோ ஒட்டியது ஒன்று, ஒட்டாத 3ஆவது ஒன்று, வை ஒன்று. மற்ற இரண்டு சோடிகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். இத்தனை இணைவு நடந்தும் மான் மானாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையில் அளவுக்கு மீறி அர்த்தம் தேட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மறுகோடியில் ஆர்ஜென்டினாவின் பாலைநிலத்து எலி ஒன்று 102 வைத்துக்கொண்டு அதுபாட்டுக்குச் செடி தின்றுகொண்டிருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். முதன்முதலில் இணைவு நடந்தது ஒரேயொரு விலங்கில். அதன் துணைக்கு இணைவு இல்லை. பிள்ளைகளுக்குச் சோடி பொருந்துவதில் கொஞ்சமாவது தடங்கல் வரும், குட்டிகள் குறையும். சுவீடனின் மாடுகளில் 1ஆவதும் 29ஆவதும் ஒட்டிய ஓர் இணைவை 1964இல் குஸ்தாவ்சன் என்பவர் கண்டுபிடித்தார். அந்த மாடுகள் பார்வைக்கு நல்ல ஆரோக்கியம், சினை பிடிப்பது மட்டும் சற்றுக் குறைவு. அப்படியென்றால் இப்படி ஒன்று இனம் முழுக்க எப்படிப் பரவும்?

ஒரு வழி, கூட்டம் சின்னதாக இருப்பது. தீவிலோ மலையிடுக்கிலோ பத்திருபது விலங்குகள் மாட்டிக்கொண்டால் சற்றுத் தீங்கான மாற்றம்கூட அதிர்ஷ்டத்தால் நிலைத்துவிடும். 1505இல் கொழும்புக்கு வந்திறங்கிய போர்த்துக்கேயர், அதற்கு முன்பே 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்திலாந்திக்கின் மடெய்ரா தீவில் குடியேறியிருந்தார்கள். மனிதர் போகும் கப்பலில் எலி போகாமல் இருக்குமா? சாதாரண வீட்டுச் சுண்டெலிக்கு 40 நிறமூர்த்தங்கள். மடெய்ராவின் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இன்று வாழும் சுண்டெலிகளில், 22 வரை எண்ணிக்கை இறங்கிய ஆறு வேறு வேறு குழுக்கள் இருப்பதை 2000ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சு ஆய்வுக்குழு காட்டியது. ஒவ்வொரு குழுவிலும் ஒட்டியிருக்கும் சோடிகள் வேறு. எலி அங்கே போய் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுதான் இருக்கும். கூர்ப்பு என்றாலே கோடிக்கணக்கான ஆண்டு என்று நினைப்பவர்கள் இந்த எலிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி இன்னும் தந்திரமானது. பெண்ணின் ஒடுக்கற்பிரிவில் நான்கு பங்கு உருவானாலும் ஒன்றுதான் முட்டையாகும், மிச்சம் வீணாகப் போகும். சென்ட்ரோமியர் வலுவாக உள்ள நிறமூர்த்தம் முட்டைப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால், அது நல்லதோ கெட்டதோ, அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். மனிதப் பெண்களிலேயே இப்படியான இணைந்த நிறமூர்த்தம் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு வந்தது. அதாவது விலங்குக்கு எந்த இலாபமும் தராமல், தான் மட்டும் தப்பிப் பரவும் மாற்றமும் உண்டு.

இனி அந்தச் சுவாரசியமான பகுதிக்கு வருவோம். ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிவிட்டது என்று வையுங்கள். எண்ணிக்கை மாறவில்லை, எழுத்தும் தொலையவில்லை. ஆனால் திரும்பியதும் திரும்பாததும் சோடியாக வரும்போது அந்தப் பகுதியில் துண்டு மாற்றம் செய்ய முடியாது, செய்தால் வரும் கரு பிழைக்காது. அதனால் அந்தத் துண்டுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் ஒரே கட்டாக, கலையாமல், தலைமுறை தலைமுறையாகப் போகும். வட அமெரிக்காவின் மான் எலி என்ற சின்ன எலி இனத்தில் காட்டில் வாழ்பவைக்கு வால் நீளம், மயிர் செம்மை. திறந்த புல்வெளியில் வாழ்பவைக்கு வால் குட்டை, நிறம் வெளிறியது. மரம் ஏறுகிறவனுக்கு நீண்ட வால் வேண்டும், காட்டு மண்ணில் ஒளிய அந்த நிறமும் வேண்டும், ஒன்று மட்டும் வந்து பயனில்லை. 2022இல் பார்த்தபோது வால், நிறம் இரண்டையும் பாதிக்கும் பகுதி 15ஆம் நிறமூர்த்தத்தில் திரும்பிய ஒரே துண்டுக்குள் பூட்டப்பட்டிருந்தது. இரண்டு கூட்டமும் எல்லையில் கலந்தாலும் அந்தக் கட்டு மட்டும் கலைவதில்லை.

நம் எக்ஸும் வையும் பிறந்ததுகூட இப்படித்தான் என்று கருதப்படுகிறது. ஒரு காலத்தில் இரண்டும் சாதாரணச் சோடி. ஆண்தன்மையைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு அந்தச் சோடியில் ஒன்றின்மேல் வந்து உட்கார, அதைச் சுற்றிப் படிப்படியாகத் துண்டுகள் திரும்ப, எக்ஸோடு மாற்றிக்கொள்ள முடியாத பகுதி பெருத்துக்கொண்டே போனது. மாற்றிக்கொள்ள முடியாததால் பழுதைத் திருத்தவும் வழியில்லை, வை மெலிந்து சுருங்கியது. எக்ஸ் மட்டும் முலையூட்டிகளில் ஆச்சரியப்படும் அளவுக்கு மாறாமல் இருக்கிறது, பூனையின் எக்ஸிலும் மனிதனின் எக்ஸிலும் பெரும்பாலும் அதே பரம்பரையலகுகள்தான். மரபியலாளர் சுசுமு ஓனோ 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு பரம்பரையலகு எப்போது, எங்கே, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை அதற்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வேறு டி.என்.ஏ. துண்டுகள் தீர்மானிக்கின்றன. செட்டியார் தெருவில் இருக்கும் ஒரு கடையை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் மனிங் சந்தைக்குள் வைத்தால் கடை அதேதான், உள்ளே வந்து போகிறவர்கள் வேறு, திறந்து மூடும் நேரமும் வேறாகிவிடும். பரம்பரையலகுக்கும் அதே கதிதான். ஸ்பெயின் பக்கத்து அகழெலி ஒன்றில் பெண்ணுக்கும் விந்தகத் திசு இருக்கிறது, சூலகத்தோடு சேர்ந்தே. அது ஆண் ஹார்மோன் சுரக்கும், உடம்பு முறுக்கேறும், மண்ணுக்குள் தோண்டவும் சண்டை பிடிக்கவும் வசதி, குட்டியும் போடும். 2020இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள் புதிய பரம்பரையலகு எதையும் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. எஃப்ஜிஎஃப்9 என்ற பழைய ஒன்றின் பக்கத்தில் ஒரு பெரிய துண்டு திரும்பியிருந்தது, அதனால் அது பெண்ணிலும் நேரம் கடந்து வேலை செய்தது. ஆண் ஹார்மோன் உற்பத்தியில் பங்குள்ள இன்னொன்று, தன்னை இயக்கும் துண்டுகளோடு சேர்ந்து பிரதி கூடியிருந்தது. சுண்டெலியில் அதுபோன்ற மாற்றங்களைச் செய்து பார்த்ததும் விளைவு அந்தத் திசையிலேயே போனது.

எங்கு வேண்டுமானாலும் உடையுமா என்பதிலும் சண்டை நடந்தது. 1984இல் நாடோ, டெய்லர் இருவரும், மனிதனுக்கும் சுண்டெலிக்கும் இடையே ஏறத்தாழ 178 மறுசீரமைப்புகள் இருக்கலாம், உடைவு எங்கும் ஒரே மாதிரி நடக்கலாம் என்று கணித்தார்கள். அப்போது கையில் இருந்தது வெகு சில பரம்பரையலகுகளின் இட விவரம் மட்டுமே, அதை வைத்துக்கொண்டு இவ்வளவு சொன்னது பெரிய விஷயம். முழு வரிசையும் கிடைத்த பிறகு 2003இல் பெவ்ஸ்னர், டெஸ்லர் ஆகியோர், சில இடங்கள் திரும்பத் திரும்ப உடைகின்றன, சில பகுதிகளைத் தொடவே முடியவில்லை என்று காட்டினார்கள். தொட முடியாதவை பெரும்பாலும் கருவளர்ச்சியை நடத்தும் பரம்பரையலகுகள் உள்ள இடங்கள், அங்கே உடைந்தால் பிள்ளை பிறக்காது, பிறக்காதது கணக்கில் வராது.

இந்தத் துண்டுகளைப் பின்னோக்கிச் சேர்த்தால் மூதாதையின் நிறமூர்த்தங்களையும் மீட்டு எடுக்கலாம். 2022இல் 32 இன்றைய விலங்குகளின் வரிசைகளை வைத்து அப்படிச் செய்தபோது, ஏறத்தாழ 180 மில்லியன் ஆண்டுக்கு முந்தைய முதல் முலையூட்டிக்கு 19 சோடிச் சாதாரண நிறமூர்த்தங்களும் பாலினத்துக்கு ஒரு சோடியும் இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதன் எலும்புகூட முழுதாக நம் கையில் இல்லை.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். மனிதரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு 13, 14, 15, 21, 22 ஆகியவற்றில் இரண்டு ஒட்டியிருக்கும், எண்ணினால் 45 வரும், ஆனால் தேவையானது எதுவும் குறையாததால் ஆள் நல்ல சுகமாக இருப்பார். கொழும்பு மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி 23 இலட்சம் பேர், அப்படியென்றால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி இருக்கலாம், அநேகருக்கு அது தெரிந்திருக்காது. அடுத்தடுத்துக் கரு கலைகிறது என்று வைத்தியரிடம் போய் இருவருக்கும் நிறமூர்த்தப் பரிசோதனை எழுதித் தரும்போதுதான் சிலருக்கு இது வெளியே வரும், அறிக்கையில் 45 என்று பார்த்துப் பதறிப்போவார்கள். பதற வேண்டியதில்லை, ஆனால் பிறப்புரிமையியல் (மரபியல்) ஆலோசனை ஒன்று அவசியம். 14ஆவதும் 21ஆவதும் ஒட்டியிருந்தால் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு கூடுதல், அதுவும் ஒட்டியது தாயிடம் இருந்தால் தந்தையிடம் இருப்பதைவிட அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம்.